கொம்ப்ளீட்டுக்கும் ஃபினிஷுக்கும் நடுவில ஒரு பொம்பிளை

உங்களுக்கும் வந்திருக்கும். குடும்ப குறூப்பிலயோ, பள்ளிக்கூட பட்ச் குறூப்பிலயோ, வெளிநாட்டு மாமா ஒருத்தர் காலமை வணக்கப் பூப்படத்தோட சேர்த்து அனுப்பியிருப்பார். லண்டனில் ஒரு மொழியியல் போட்டி. உலகத்தின் பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். கடைசிக் கேள்வி: 'கொம்ப்ளீட்' என்ற சொல்லுக்கும் 'ஃபினிஷ்ட்' என்ற சொல்லுக்கும் என்ன வித்தியாசம்? எந்த அகராதியாலும் இதை விளக்க முடியவில்லையாம். கயானா நாட்டுக்காரர் ஒருவர் எழும்புகிறார். சரியான பெண்ணை முடித்தால் நீ கொம்ப்ளீட். பிழையான பெண்ணை முடித்தால் நீ ஃபினிஷ்ட். பிழையானவளோடு நிற்கும்போது சரியானவளிடம் பிடிபட்டால் கொம்ப்ளீட்லி ஃபினிஷ்ட். மண்டபமே எழுந்து நின்று கைதட்டுகிறது.

கீழே நாலைந்து பேர் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களைப் போடுவார்கள். ஒரு சித்தப்பா 'நூறு வீத உண்மை' என்று எழுதுவார். அதே குறூப்பில் சித்தியும் இருப்பார். அவர் ஒன்றும் எழுத மாட்டார்.

இந்தப் பகிடியைப் பற்றி ஒரு கட்டுரை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தேவை என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இது வெறும் பகிடியாக வருவதில்லை, ஆங்கிலப் பாடமாக வருகிறது. 'இங்கிலிஷ் படிப்பம்' என்ற தலைப்போடு முகநூலில் திரிகிறது. ரியூசன் வகுப்பில் வெண்பலகையில் இதை எழுதிப் படிப்பித்ததாக எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி சொன்னாள். வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். அவர்களும் சிரித்தார்களாம். சிரிக்காவிட்டால் விளங்கவில்லை என்று நினைத்துவிடுவார்களே.

முதலில் கதையைப் பார்ப்போம். போட்டிக்குப் பெயர் இல்லை. நடத்தியது யார் என்று இல்லை. ஆண்டு இல்லை. 'அண்மையில்' என்றுதான் தொடங்கும். அந்த அண்மை பத்து வருசத்துக்கு மேலாகியும் இன்னும் பழசாகவில்லை. அப்படியிருந்தும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. காரணம், கதையில் ஒரு இனிப்பு இருக்கிறது. வென்றவர் இங்கிலாந்துக்காரர் இல்லை, கயானாக்காரர்.

கயானா தென்னமெரிக்காவில் ஆங்கிலத்தை அரசகரும மொழியாகக் கொண்ட ஒரே நாடு. 1838இலிருந்து இந்தியாவில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டு, அங்கே கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டவர்களின் சந்ததி அங்கு பெருந்தொகை. பகிடியில் வரும் ஆளின் பெயரும் அந்த வம்சாவளிப் பெயர்தான். அதே நூற்றாண்டில் எங்கட மலையகத்துக்குக் கோப்பித் தோட்டத்துக்கென்று ஆட்களைக் கொண்டுவந்ததும் அதே சாம்ராச்சியம்தான். ஆக, கூலியின் பேரன் லண்டனுக்குப் போய், வெள்ளைக்காரனின் மொழியில் வெள்ளைக்காரனையே மடக்கிவிட்டான். அந்தச் சந்தோசம் எனக்கும் விளங்குகிறது. சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. வாள் என்று அர்த்தம். அந்த வாளால் வெட்டுப்பட்டவர்கள் நாங்கள் எல்லாரும். நேர்முகப் பரீட்சையில், வங்கியில், கொழும்பு ஒபிசில். ஒருநாளாவது வாள் எங்கட ஆளின் கையில் இருந்தால் யார்தான் கைதட்ட மாட்டார்கள்?

ஆனால் வாள் கைக்கு வந்ததும் அவர் வெட்டியது யாரை? ஆங்கிலத்தையும் இல்லை, சாம்ராச்சியத்தையும் இல்லை. வீட்டில் இருக்கிற பெண்ணை. அடிமைப்படுத்தியவனிடம் வென்றதாகச் சொல்லிக்கொண்டு, அந்த வெற்றியின் செலவை அவளின் கணக்கில் எழுதுகிறோம்.

சரி, பாடத்துக்கு வருவோம். எந்த அகராதியாலும் விளக்க முடியாது என்பது முழுப் பொய். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கென்று செய்யப்பட்ட எந்த அகராதியைத் திறந்தாலும் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி விளக்கமும் உதாரண வசனங்களும் இருக்கும். 'கொம்ப்ளீட்' லத்தீனில் நிரப்புதல் என்ற சொல்லிலிருந்து வந்தது. 'ஃபினிஷ்' லத்தீனில் எல்லை, முடிவு என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒன்று பாத்திரத்தைப் பார்க்கிறது: எல்லாம் உள்ளே இருக்கிறதா, ஏதும் குறைகிறதா? மற்றது பாதையைப் பார்க்கிறது: கடைசிக்கு வந்துவிட்டதா, இன்னும் போகவேண்டுமா?

இது எங்களுக்குப் புதிதா? நிறைவு, முடிவு என்று தமிழில் இதே பிரிப்பு அப்படியே இருக்கிறது. நிறைவு என்ற சொல்லுக்குள்ளும் நிரப்புகிற 'நிறை'தான் இருக்கிறது. கலியாண வீட்டு வாசலில் வைப்பது நிறைகுடம். அதை முடிகுடம் என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. கிராம சேவகரின் அலுவலகத்துக்குப் போனால் 'படிவத்தைப் பூர்த்தி செய்யவும்' என்று எழுதியிருக்கும். அது கொம்ப்ளீட். 'போம் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ' என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அது ஃபினிஷ். லண்டன் அறிஞர்களால் முடியாததை ஒரு அலுவலக யன்னல் இரண்டு வசனத்தில் விளக்கிவிடுகிறது.

பல இடங்களில் இரண்டையும் மாறி மாறிப் பாவிக்கலாம் என்பது உண்மை. வேலையை ஃபினிஷ் பண்ணினேன் என்றாலும் கொம்ப்ளீட் பண்ணினேன் என்றாலும் பிழையில்லை. பிரியும் இடங்கள்தான் முக்கியம். சோற்றை ஃபினிஷ் பண்ணலாம், கொம்ப்ளீட் பண்ண முடியாது. 'ஃபினிஷ்ட் ரீடிங்' என்று இன்னொரு வினையைப் பின்னால் கொழுவலாம், 'கொம்ப்ளீட்ட' அப்படிக் கொழுவினால் காதுக்கு இடிக்கும். ஒரு எழுத்தாளரின் எல்லா நூல்களையும் சேர்த்துப் போட்டால் அது 'கொம்ப்ளீட் வேர்க்ஸ்'. மேசன்மாரும் தச்சு வேலைக்காரரும் 'ஃபினிஷிங் சரியில்ல' என்று சொல்வது கடைசிப் பூச்சை, கடைசி மினுக்கை. பகிடியின் மூன்றாவது வரியில் வரும் 'கொம்ப்ளீட்லி' முழுசாக, அடியோடு என்ற வேறொரு அர்த்தம். அந்தச் சொல் விளையாட்டில்தான் சிரிப்பு வருகிறது. ஆனால் பகிடியைக் கேட்டு முடித்தபிறகு இதில் ஒன்றாவது உங்களுக்குத் தெரியவருமா? படிவத்தில் எதை எழுதவேண்டும் என்று தெரியவருமா? ஒன்றும் இல்லை. பாடம் என்று வந்தது, பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிறது.

அகராதிக்காரர்களை இப்படிக் கிண்டலடிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1884இல் வந்தது, கடைசிப்பகுதி 1928இல். அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறே 1915இல் கண்ணை மூடிவிட்டார். 1928இல் அகராதி கொம்ப்ளீட். ஃபினிஷ்ட்? 1933இல் பின்னிணைப்பு வந்தது, 1989இல் 20 தொகுதிகளில் இரண்டாம் பதிப்பு வந்தது, இன்றைக்கும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அந்த அகராதியின் வரலாறே நல்ல உதாரணம். எங்கட பக்கத்திலும் ஆள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சொற்சேகரிப்பு அவர் இறந்த பிறகும் நிற்கவில்லை. பலரின் கையில் மாறி மாறி வளர்ந்து, கடைசியில் 1862இல் வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதியாக 60,000இற்கு மேற்பட்ட சொற்களோடு சென்னையில் அச்சேறியது. அந்த வின்ஸ்லோவின் மனைவி ஹரியற் வின்ஸ்லோதான் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியவர். மிசனரிமாருக்கு மதம் பரப்புகிற நோக்கம் இருந்தது, அது வேற கதை. ஆனால் பெண்பிள்ளைகள் எழுத்துப் படிக்க 200 வருசத்துக்கு முதலே பள்ளிக்கூடம் திறந்த ஊரில், இன்றைக்கு வட்ஸ்அப் வழியாக அவர்களுக்கு வருகிற ஆங்கிலப் பாடம் இது.

இனி வித்தியாசம் உண்மையாகவே எங்கே தேவைப்படும் என்று சொல்கிறேன். வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு. அத்திவாரத்துக்கு ஒரு தவணை, சுவருக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று காசு வரும். அரசாங்கம் மாறும், கடைசித் தவணை வராது. கதவு இல்லை, மலசலகூடம் இல்லை, யன்னலுக்கு உரப்பை கட்டியிருக்கும். காசைக் கேட்டுப் போனால் 'அந்தத் திட்டம் முடிஞ்சுது' என்று பதில் வரும். திட்டம் ஃபினிஷ்ட், வீடு கொம்ப்ளீட் இல்லை. இந்த ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் திருத்தமாக எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்தால், அவள் எழுதும் கடிதத்துக்குப் பதில் சொல்லுவது அவ்வளவு லேசில்லை. மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தால் தருகிற சான்றிதழில் 'கலந்துகொண்டார்' என்று இருக்கிறதா, 'பூர்த்தி செய்தார்' என்று இருக்கிறதா என்பதில் ஒரு வேலை தங்கியிருக்கலாம். அதிகாரத்தில் இருப்பவர்கள் முடிவை நிறைவு என்று சொல்லி எங்களை அனுப்பிவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். இவ்வளவு பெறுமதியான சாமானை எடுத்து, 'பிழையான பெண்ணை முடிச்சால்' என்ற இடத்தில் போட்டு உடைப்பதுதான் எனக்கு எரிச்சல்.

பகிடிக்குள்ளே போய்ப் பார்த்தால் இன்னும் மோசம். மூன்று வரியிலும் 'நீ' என்றால் ஆண். கேட்கிறவர், படிக்கிறவர், கைதட்டுகிறவர் எல்லாரும் ஆண் என்று முதலே முடிவு கட்டியாகிவிட்டது. பெண் இரண்டு வகை: சரி, பிழை. யாருக்குச் சரி, எதில் பிழை என்று இல்லை. அவளுக்கு அவன் சரியா என்ற கேள்வியே இல்லை. மூன்றாவது வரியில் தப்புச் செய்கிறவன் அவன். ஆனால் அது அவன் செய்த வேலையாக வரவில்லை, அவனுக்கு நேர்ந்த கெட்ட காலமாக வருகிறது. அவள் முழுப் பகிடியிலும் செய்கிற ஒரே ஒரு காரியம் பிடிப்பது. துரோகம் பண்ணினவன் பாவம், பிடிச்சவள் பேய். எல்லாரும் சிரிக்கிறம்.

ஒரு சின்னச் சோதனை. இடத்தை மாற்றிப் போடுங்கோ. 'சரியான ஆணை முடித்தால் நீ கொம்ப்ளீட், பிழையான ஆணை முடித்தால் நீ ஃபினிஷ்ட், பிழையானவனோடு நிற்கும்போது சரியானவனிடம் பிடிபட்டால்...' மூன்றாவது வரிக்கு வரும்போது சிரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் பிடிபட்ட பெண்ணுக்கு எங்கட ஊரில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே 'ஃபினிஷ்ட்' ஒரு சொல் விளையாட்டு இல்லை.

இதில் எங்கட தமிழும் சுத்தமான கை இல்லை. கலியாணம் செய்வதை நாங்கள் 'முடிக்கிறது' என்றுதான் சொல்லுவம். 'ஆரை முடிச்சவர்?', 'இன்னும் முடிக்கேல்லையோ?' முடி என்ற வினைக்குக் கட்டுதல், முடிச்சிடுதல் என்ற பொருளும் உண்டு, அதனால் அதை அழகாகவும் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் முடிக்காத பெண்ணிடம் அதைக் கேட்கிற தொனியில் அழகு ஒன்றும் இல்லை. முப்பது தாண்டினால் அவளின் பட்டம், வேலை, வாசிப்பு, நட்பு எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்று குறைகிற பாத்திரம் அவள். தாலியைக் கழற்றியவளுக்கு என்று பழைய ஆட்களிடம் ஒரு சொல் இருந்தது: மூளி. குறையுள்ளது, உடைந்தது, வெறுமையானது என்று பொருள். ஆங்கிலப் பகிடி ஆணைக் கொம்ப்ளீட் ஆக்கப் பெண்ணைத் தேடுகிறது. தமிழ் வசை ஆணில்லாத பெண்ணை இன்கொம்ப்ளீட் என்கிறது. அதனால்தான் லண்டனில் பிறந்ததாகச் சொல்லப்படும் பகிடி எங்கட குறூப்பில் வந்து இறங்கும்போது அந்நியமாகத் தெரிவதில்லை.

இதை வடக்கு கிழக்கில் இருந்துகொண்டு சொல்லிச் சிரிக்கிறோம் என்பதை ஒருமுறை யோசியுங்கோ. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று படிவங்களில் ஒரு கூட்டுக்குள் அடைக்கப்படுகிற எத்தனையோ பெண்கள் தோட்டம் செய்தும் தையல் தைத்தும் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். அவர்களின் வாழ்க்கை குறைகுடம் என்று சொல்ல யாருக்கு உரிமை? கணவன் எங்கே என்று தெரியாமலே இருக்கிறவர்களின் கதை இன்னும் வேறு. செத்தார் என்றால் மரணச் சான்றிதழ். அதை வாங்க மாட்டோம் என்று நிற்கிறவர்களுக்கு 2016இல் 'காணாமற்போனமைச் சான்றிதழ்' என்று ஒன்றைச் சட்டத்தில் சேர்த்தார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் தொடங்கிய போராட்டம் வருசக்கணக்காக நீண்டது. அலுவலகம் அவர்களிடம் கேட்பது படிவத்தைக் கொம்ப்ளீட் பண்ணச் சொல்லி. அதற்கு வேண்டியது கோப்பை ஃபினிஷ் பண்ண. உண்மை நிறையாமல் கோப்பு முடியக்கூடாது என்று அந்த அம்மாமார் நிற்கிறார்கள். இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களை விடத் தெளிவாக யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு எந்த மண்டபமும் எழுந்து நின்று கைதட்டவும் இல்லை.

இப்போது அந்த வசனம் வரும்: 'அட விடு மச்சான், பகிடிக்குத்தானே.'

எங்கட நாட்டில் 'பகிடி' என்ற சொல்லோடு 'வதை' என்ற சொல் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் புதுப் பிள்ளைகளை முழங்காலில் விட்டவர்கள் எல்லாரும் 'பகிடிக்குத்தானே' என்றுதான் சொன்னார்கள். அதைத் தடைசெய்ய 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று கொண்டுவர வேண்டி வந்தது. இந்த வட்ஸ்அப் பகிடியும் அந்த அளவுக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. 'பகிடிக்குத்தானே' என்பது ஒரு நியாயம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். யாருக்குச் சிரிப்பு வருகிறது, யார் சிரிப்பதுபோல் இருக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் எது பகிடி, எது வதை என்று பிடிபடும். குறூப்பில் ஒன்றும் எழுதாமல் இருந்த அந்தச் சித்தியிடம் கேட்டுப் பாருங்கோ.

நகைச்சுவையே வேண்டாம் என்ற சங்கத்தில் நான் சேரவில்லை. கலியாணத்தைப் பற்றிப் பகிடி விடலாம், விட வேண்டும். சீதனத்தைப் பற்றி விடுங்கோ. பேச்சுக்காலில் பெடியனின் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லுகிற தரகரைப் பற்றி விடுங்கோ. முப்பத்தைந்து வயதிலும் தேத்தண்ணி ஊத்தத் தெரியாத 'கொம்ப்ளீட்' ஆம்பிளைகளைப் பற்றி விடுங்கோ. ஊரில் பகிடிக்குப் பஞ்சமில்லை. மேலே இருப்பவனைக் குத்தும் பகிடிக்குத்தான் பஞ்சம்.

ஆங்கிலம் படிப்பிக்கிற அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். அரசியலமைப்பில் ஆங்கிலம் இணைப்பு மொழி என்று எழுதியிருக்கிறது. எங்கட பிள்ளைகளுக்கு அது இன்னும் இணைக்கிற பாலமாக இல்லை, கடுவவாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க வகுப்பில் சிரிப்பு வேண்டும் என்பது சரி. ஆனால் ஒரு பெண் பிள்ளை ஆங்கிலம் கற்பதற்குக் கொடுக்கும் கட்டணத்தில் தன்னைப் பற்றிய நக்கலும் சேர்ந்திருக்கக்கூடாது. நிறைகுடத்தையும், தீர்ந்துபோன படிவத்தையும், கதவில்லாத வீட்டையும் வைத்துச் சொல்லிக் கொடுங்கோ. பிள்ளைகளே இன்னும் பத்து உதாரணம் கொண்டுவருவார்கள், சிரிப்பும் தானாக வரும்.

மற்றவர்களுக்கு: அந்தச் செய்தி திரும்ப வரும். ஒரு மாதத்தில் வரும், அல்லது அடுத்த கலியாண வீட்டுக்கு முதல் நாள் வரும். சண்டை பிடிக்கத் தேவையில்லை, குறூப்பை விட்டுப் போகவும் தேவையில்லை. 'மாமா, இந்தப் போட்டி எந்த வருசம் நடந்தது? அகராதியில் விளக்கம் இருக்கே, அனுப்பவோ?' என்று மட்டும் எழுதுங்கோ. மஞ்சள் முகங்கள் கொஞ்ச நேரம் அமைதியாகும். அந்த அமைதியில் சித்தி ஏதாவது எழுதினாலும் எழுதுவார்.